மாமாங்கத்தின் மூச்சு

மாமாங்கம் செத்துப்போன இரவில் தங்கராணி இன்னொருவரின் சாவுக்குக் காவல் இருந்தாள்.

டேனிஷ் ஊரான பிராண்டேயின் முதியோர் இல்லத்தில் அவளுக்கு இரவு வேலை. சாகக் கிடக்கிறவர்களை அங்கே தனியே விடமாட்டார்கள். யாராவது ஒருவர் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, கையைப் பிடித்தபடி இருக்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கதிரை தங்கராணிக்கு விழுந்தது. பன்றிப்பண்ணை வைத்திருந்த ஒரு கிழவர், பிள்ளைகுட்டி இல்லை. விடியப்புறம் அவர் அடங்கினார். அவரைக் கழுவி, சட்டை மாற்றி, இந்த நாட்டு வழக்கப்படி சன்னலைத் திறந்துவிட்டு, காரின் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய கணவர் மாமாங்கம் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். உடம்பு குளிர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

மாமாங்கம் காற்றாலைச் சிறகு செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒரு தெருவின் நீளத்துக்குக் கிடக்கும் வெள்ளைச் சிறகின் மேல், முகமூடி போட்டுக்கொண்டு, விளிம்பு தேய்ப்பதுதான் அவருடைய வேலை. நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் வருத்தம் அவருக்கு இருந்தது. குறட்டை ஏறிக்கொண்டே போகும். சட்டென்று நிற்கும். பிறகு ஒன்றுமே இராது. கேட்டுக்கொண்டிருக்கிறவருக்குத் தன் நெஞ்சு அடைத்துவிடும் போல வரும்போது, குளத்துக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர் மாதிரி ஓர் இழுப்பு. ஆஸ்பத்திரியில் காற்றடிக்கிற மெசினும் மூக்கில் மாட்டுகிற மூடியும் கொடுத்திருந்தார்கள். பகல் முழுக்க ஒரு முகமூடி, இரவுக்கும் ஒன்றா என்று சொல்லி அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்.

ஆகவே தங்கராணிதான் மெசின். மூச்சு நிற்கிற இடத்தில் அவளுக்குத் தானாக விழிப்பு வரும். முழங்கையால் விலாவில் இடித்து, "கிறுகிப் படுங்க" என்பாள். மட்டக்களப்பில் திரும்புவதைக் கிறுகுவது என்பார்கள். அவர் கிறுகுவார், மூச்சு வரும், இரண்டு பேரும் மறுபடி தூங்கிப்போவார்கள். அவள் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் சோபாவில் சாய்ந்தபடி படுப்பதாக அவர் ஒத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏனோ கட்டிலுக்குப் போயிருக்கிறார்.

செத்தவீடு சனிக்கிழமை. தேவாலயத்தை அடுத்த சிற்றாலயத்தில் மண்டபம் கிடைத்தது. படம் பிடித்து, ஊரிலும் லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்கள் பார்க்கும்படி நேரடியாக அனுப்புகிற வேலையை யூலியானா பொறுப்பெடுத்தாள். தங்கராணி வேலை செய்கிற அதே இல்லத்தில் பகலில் துணி துவைக்கிற பகுதியில் நிற்பவள். மட்டக்களப்புத் தாண்டவன்வெளிக்காரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, தனிக்கட்டை. வார இறுதிகளில் கல்யாணம், வேதக்காரப் பிள்ளைகளின் முதல் நன்மை, செத்தவீடு என்று ஸ்கீவ தொடக்கம் ரண்டர்ஸ் வரை உள்ள ஊர்களுக்குக் காரில் போய்வருவாள்.

அவளுடைய கமெராவின் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். பழைய கமெரா அந்த ஐப்பசியில் செத்துப்போய்விட்டது. அதே கொம்பனியில் புதியதாக ஒன்று வாங்கினாள். அவளிடம் இருந்த ஃபிளாஷ், பற்றரிப் பிடி, மைக் எல்லாமே அந்தக் கொம்பனியுடையவை, வேறு இடத்தில் வாங்கினால் அத்தனையும் வீணாகிவிடும் என்று நினைத்தாள். கொண்டுவந்து பூட்டிப் பார்த்தால் ஒன்றும் சேரவில்லை. ஃபிளாஷ் ஒரு கண்ணிமைப்புப் பிந்தி வெட்டியது, படத்தில் பாதி கறுப்பாக வந்தது. பற்றரிப் பிடி இறுக்கமாகப் பொருந்தியது, ஆனால் அதிலிருந்த பொத்தான் ஒன்றும் வேலை செய்யவில்லை. எதைப் பூட்டினாலும் 'இந்தத் துணைக்கருவியைப் பயன்படுத்த முடியாது' என்று திரையில் எழுத்து வரும். ரண்டர்ஸில் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஒரே கொம்பனிதான், ஆனால் வேறு தலைமுறை, கொம்பனி மென்பொருளைப் புதுப்பிக்கும்வரை பொறுத்திருங்கள் என்று அவர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

மைக்கின் பாடு இன்னும் சிக்கல். அது இரண்டு துண்டு. ஒன்று கமெராவின் தலையில் செருகுவது, மற்றது பேசுகிறவரின் உடுப்பில் குத்துகிற கிளிப், கட்டைவிரல் அளவு. மகள் நிரோஜாவின் கல்யாணத்தில் மாமாங்கம் வரவேற்புப் பேச்சுப் பேசியபோது அந்தக் கிளிப்பை யூலியானாதான் அவருடைய கோட்டின் உட்பை விளிம்பில் குத்திவிட்டாள். அப்போது பழைய கமெரா உயிரோடு இருந்தது. ஆரவாரத்தில் கிளிப்பைத் திருப்பி வாங்க மறந்துபோனாள். பிறகு கேட்டபோது தங்கராணி கோட்டுப் பைகளை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். யூலியானா அதே கொம்பனியின் புதிய கிளிப் ஒன்றை வாங்கினாள். அது பழைய தலைத்துண்டைத் தெரியாது என்றது. தலைத்துண்டையோ புதிய கமெரா தெரியாது என்றது.

செத்தவீட்டன்று வேறு வழியில்லாமல் தலைத்துண்டைச் செருகி, புதிய கிளிப்பைத் தேவாரம் பாட வந்த ஐயாவின் சால்வையில் குத்தினாள். வழக்கமான எழுத்து வந்தது. சரி என்று அழுத்தினாள், எழுத்து மறைந்தது. சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் திரையின் மூலையில் ஏறி இறங்கத் தொடங்கின. மாதா கண் திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். காதில் மாட்டிக் கேட்பதற்கு அந்தக் கமெராவுக்குத் தனியாக ஓர் இணைப்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. ஆகவே கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமாங்கத்துக்கு மகளின் கல்யாணத்தில் போட்ட அதே சாம்பல் நிறக் கோட்டைப் போட்டிருந்தார்கள். ஐயா பாடினார். மகன் லோஜன் டேனிஷில் எழுதி வைத்திருந்ததை வாசித்தான். நிரோஜா புருசனோடு முன்வரிசையில் இருந்தாள். தொழிற்சாலைக் கூட்டாளிகள் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் தங்கராணி பெட்டிக்குள் குனிந்து முகத்தை அவருடைய நெஞ்சில் வைத்தாள். அவளுடைய உதடுகள் அசைந்ததை யூலியானா கமெராவில் பார்த்தாள். மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பெட்டியை மூடினார்கள். சனம் சாப்பிடப் போனது. தங்கராணி மட்டும் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள், ஈமக்காரியம் நடத்துகிற நிறுவனத்துப் பெண் வந்து தோளைத் தொட்டு எழுப்பும்வரை. யூலியானா அதுவரைக்கும் கமெராவை நிறுத்தவில்லை.

தகனசாலை திங்கட்கிழமைதான் திறக்கும். பெட்டி அதுவரை சிற்றாலயத்தின் குளிரறையில் இருக்கும் என்று ஏற்பாடு.

வீட்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் யாரோ சமைத்து வைத்திருந்தார்கள். தங்கராணி சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை. அப்போது மட்டக்களப்பிலிருந்து மாமாங்கத்தின் தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். லோஜன் ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தான். வழக்கமாக எடுத்தவுடன் ஒப்பாரி வைக்கிற மனுசி, அன்றைக்கு மிகவும் தணிந்த குரலில் கதைத்தாள். தேவாரம் ஒன்றும் விளங்கவில்லை, கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல இருந்தது, ஆனால் தங்கராணி குனிந்து சொன்னது மட்டும் காதுக்குள் சொன்னது போலக் கேட்டது என்றாள்.

"என்ன கேட்டது?" என்றாள் தங்கராணி.

"கிறுகிப் படுங்க எண்டு சொன்னீங்க மச்சாள். நாங்க எல்லாரும் கேட்டம்."

தங்கராணி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

"மறுகா பெட்டிய மூடினாங்க. அதுக்குப் பொறகு அண்ணன் மூச்சு விட்டதும் கேட்டது."

லோஜன் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான். குசினிக்குள் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தங்கராணி எழும்பி, கோப்பை கழுவிக்கொண்டிருந்த யூலியானாவிடம் வந்தாள்.

"புள்ள, எனக்கு அதப் போட்டுக் காட்டு."

யூலியானா தட்டிக் கழிக்கப் பார்த்தாள். நடக்கவில்லை. கமெராவைக் கணினியில் இணைத்துப் படுக்கையறைக்குள் வைத்துப் போட்டார்கள். லோஜனும் வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றான்.

தங்கச்சிக்காரி சொன்னது அத்தனையும் சரி. தேவாரம் சுவருக்கு அப்பால் கேட்டது. துணி உரசுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. தங்கராணியின் குரல், நடுங்காமல், படுக்கையில் சொல்கிற அதே அலுப்போடு வந்தது. பிறகு மூடி விழுந்த சத்தம் அறையை உலுக்கியது. சனத்தின் காலடிகள் தூரமாகிக் கரைந்தன. அதற்குப் பிறகு ஒரு நீண்ட இழுப்பு. விடுதல். இழுப்பு. விடுதல். நின்றது. யூலியானா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. தங்கராணியின் முழங்கை தானாகப் பக்கவாட்டில் அசைந்ததை யூலியானா கண்டாள். அப்போது அந்தப் பெரிய இழுப்பு வந்தது.

லோஜன் டேனிஷில் வேகமாகக் கதைத்தான். சத்தம் குறைந்தால் இந்த மைக் தானாகவே அளவை ஏற்றும், வெறும் இரைச்சலை ஏற்றி இறக்கும்போது அது மூச்சு மாதிரித்தான் கேட்கும், இது எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்றான். தங்கராணி அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"மனே, உன்ட அப்பாட மூச்ச நீ எத்தின நாள் கேட்டிருக்காய்? நான் அதுக்குள்ளயே படுத்தவள்." கொளுவியிலிருந்து குளிர்ச்சட்டையை எடுத்தாள். "பெட்டியத் திறக்கச் சொல்லு. அவர் உள்ளுக்க கிடந்து மூச்சுக்கு அந்தரப்படுறார்."

அவளைத் தடுக்க முடியாது என்று லோஜனுக்குத் தெரிந்தது. ஈமக்காரியப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தான். என்ன சொல்வது என்று தெரியாமல், நடந்ததை நடந்தபடியே சொன்னான். அவள் சிரிக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை, வாருங்கள் என்றாள். மூவரும் கமெராவையும் எடுத்துக்கொண்டு யூலியானாவின் காரில் போனார்கள். பின்னேரமே மங்கிவிட்டிருந்தது. வயல்களை மூடிய பனிப்புகாருக்குள் காற்றாலைகளின் கம்பம் தெரியவில்லை, சிறகு தெரியவில்லை, உச்சியில் எரியும் சிவப்பு விளக்குகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. தங்கராணி, கொஞ்சம் வேகமாகப் போ புள்ள என்று மட்டும் ஒருதரம் சொன்னாள்.

ஈமக்காரியப் பெண் வாசலில் நின்றாள். உள்ளே விடுவதற்கு முன்னால் தங்கராணியின் கையைப் பிடித்து, வைத்தியர் வந்து பார்த்ததையும், உடம்பில் சாவின் அடையாளங்கள் வந்தபிறகுதான் கையெழுத்து வைப்பார்கள் என்பதையும் மெதுவாகச் சொன்னாள். தங்கராணி தலையாட்டினாள். அதெல்லாம் அவளுடைய வேலையில் அவளே அறிந்ததுதான். திருகாணிகளைக் கழற்றும் சத்தம் அந்தச் சிறிய அறையில் மோதியது.

மாமாங்கம் வைத்தது வைத்தபடி கிடந்தார். உதட்டு ஓரத்தில் அரிசி. தங்கராணி கையை நெஞ்சில் வைத்தாள், பிறகு மூக்குக்குக் கிட்ட வைத்தாள், பிறகு கழுத்தில் வைத்தாள். இல்லத்தில் செய்கிற அதே ஒழுங்கு. கடைசியில் கையை எடுத்துத் தன் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க லோஜன் கமெராவைப் போடச் சொன்னான். யூலியானாவுக்கு மனமில்லை, ஆனாலும் போட்டாள். எழுத்து வந்தது, மறைந்தது. தங்கராணி கோட்டின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பச்சைக் கோடுகள் துள்ளி உச்சிக்குப் போயின. லோஜன் அதைப் பார்த்தான். குனிந்து கோட்டின் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே வந்தான். இடது பக்கத்து உட்பை கிழிந்திருந்தது. அதன் வழியாக விழுந்த ஏதோ ஒன்று கோட்டின் கீழ் விளிம்பில், உள்துணிக்குள் கிடந்தது. ஈமக்காரியப் பெண் கத்தரிக்கோல் கொடுத்தாள். லோஜன் வெட்டி எடுத்தான். யூலியானாவின் கிளிப்.

"அம்மா, இதுதான்," என்று தமிழில் சொன்னான். "இது உள்ளுக்க இருந்து எல்லாத்தையும் கேட்டிருக்கு. நீங்க மூடியில கை வச்சு இருந்தீங்க. உங்கட கை தடவின சத்தம்தான் அது. அப்பா இல்ல."

தங்கராணி கிளிப்பை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு யூலியானாவிடம் கொடுத்தாள். பெட்டியை மறுபடி மூடும்போது அவள் அழுதாள். அவர் செத்த நாளிலிருந்து அப்போதுதான் அவள் அழுததை யூலியானா கண்டது.

லோஜனுக்கு அத்தோடு எல்லாம் முடிந்தது. அத்தைக்கு எடுத்து விளங்கப்படுத்தினான். திங்கட்கிழமை தகனம் நடந்தது.

யூலியானாவுக்கு முடியவில்லை. கிளிப்பில் ஒரு சின்ன விளக்கு உண்டு, வேலை செய்யும்போது அது எரிய வேண்டும். குளிரறையில் அவள் கையில் வாங்கியபோது அது எரியவில்லை. அழுத்திப் பார்த்தும் எரியவில்லை. வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டபோது, வெகுநாள் சும்மா கிடந்த பற்றரி மாதிரி நெடுநேரம் சிவப்பாக மினுங்கியபடி கிடந்து பிறகுதான் பச்சைக்கு வந்தது. கமெராவில் தலைத்துண்டைப் பூட்டிக் கிளிப்பைப் போட்டாள். 'இந்தத் துணைக்கருவியைப் பயன்படுத்த முடியாது.' சரி என்று அழுத்தினாள். கோடுகள் ஏறின, ஆனால் பதிந்து பார்த்தால் கமெராவில் கூடவே இருக்கிற மைக்கின் சத்தம்தான், அறையின் சத்தம். கிளிப்பை அலுமாரிக்குள் வைத்துத் தட்டினாள். ஒன்றும் பதியவில்லை. எத்தனையோ விதமாகச் செய்து பார்த்தாள்.

ரண்டர்ஸ் கடைக்காரருக்கு எடுத்தாள். அவர் ஏதோ பார்த்துவிட்டு வந்து, அந்தத் தலைத்துண்டுக்கு இந்தக் கமெரா மின்சாரமே கொடுக்காது, ஆகவே எந்தக் கிளிப்பும் இதோடு கதைக்க வழியில்லை, முந்தியும் கதைத்திருக்காது என்றார். ஏன், சேர்ந்ததா என்று கேட்டார். இல்லை, சும்மா கேட்டேன் என்றாள் யூலியானா.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் காணொளியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பெட்டி மூடியிருக்கிறது. தங்கராணி பக்கத்தில் இருக்கிறாள். அவளுடைய கை மூடியின் மேல், மடித்த கைலேஞ்சித் துணியோடு, வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. தடவவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை.

யூலியானா கணினியை மூடிவிட்டு வீட்டில் இருந்த விளக்குகளை எல்லாம் போட்டாள். லோஜனிடம் சொல்வோமா என்று யோசித்தாள். சொன்னால் அவன் இன்னொரு காரணம் கண்டுபிடிப்பான், அது தேவையில்லை. தங்கராணியிடம் சொல்லவே முடியாது. மூச்சோடு எரித்தோம் என்று அந்த மனுசி மிச்ச நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள். யாரிடமும் சொல்லவில்லை. பூசைக்குப் போனபோது சுவாமியாரிடம் சொல்ல வாயெடுத்து, கொம்பனியின் பெயரையும் தலைத்துண்டையும் எப்படி விளக்குவது என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு தங்கராணி யூலியானாவின் வீட்டுக்கு வந்தாள். அவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. நித்திரை இல்லாமல் முகம் வெளிறியிருந்தது. தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு, வீட்டில் சத்தம் இல்லை புள்ள, அதுதான் எழுப்புது என்றாள். முந்தி மூச்சு நின்றால் விழிப்பு வரும், இப்போது எந்த நேரமும் நின்றபடியே இருக்கிறது. பிறகு, அந்தப் படத்தை மறுபடி கேட்க வேண்டும் என்றாள்.

"வேணாம் அக்கா," என்றாள் யூலியானா.

"அண்டைக்கு நாங்க முழுக்கக் கேக்கல்ல. நான் பாதியில எழும்பிட்டன்."

யூலியானா காதில் மாட்டுவதை அவளுக்குக் கொடுத்தாள். தான் கேட்க விரும்பாமல் சன்னலுக்குப் போய் நின்றாள். வெளியே நனைந்த புல்லில் ஒரு காகம் எதையோ கிளறிக்கொண்டிருந்தது. பின்னால் தங்கராணியின் மூச்சு கேட்டது, அது இழுத்து, விட்டு, நின்று, திரும்பத் தொடங்கியது. அவள் அவரோடு சேர்ந்து மூச்சு விடுகிறாள் என்று யூலியானாவுக்கு விளங்கியது. கடைசியில் ஒருதரம் நின்றது. யூலியானா காத்திருந்தாள். பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தாள்.

தங்கராணி திரையைப் பார்த்தபடி இருந்தாள். திரையிலும் தங்கராணி பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். ஈமக்காரியப் பெண் இன்னும் படத்துக்குள் வரவில்லை.

"இதுல நிக்குது," என்று தங்கராணி விரலால் காட்டினாள். "இதுக்குப் பொறகு வரல்ல. அவ வந்து என்னை எழுப்புறதுக்கு முதலே நிண்டுட்டுது."

யூலியானா கிட்ட வந்து திரையைப் பார்த்தாள்.

"நான் பக்கத்துல இருக்கக்குள்ளதான் புள்ள."

அவள் காதிலிருந்து கழற்றி, வயரைச் சுற்றி மேசையில் வைத்தாள். இனி அதை அழித்துவிடு, ஆரும் கேட்க வேண்டாம் என்றாள். அழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு ஆறிய தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை வேலைக்கு வந்தாள். இரவு வேலை வேண்டாம் என்று கேட்டுப் பகலுக்கு மாறியிருந்தாள். யூலியானா அறை அறையாகத் துவைத்த துணிகளை அடுக்கிக்கொண்டு வந்தபோது, தங்கராணி ஒரு கிழவியின் தலைமயிரைச் சீவிக்கொண்டிருந்தாள். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனுசி அவர், எல்லாவற்றையும் நேராகக் கேட்பவர். இவ்வளவு நாளும் எங்கே போனாய் என்று கேட்டார். என் கணவர் இறந்துவிட்டார் என்று தங்கராணி டேனிஷில் சொன்னாள். கிழவி தன் தோளுக்கு மேலால் கையைக் கொண்டுபோய்த் தங்கராணியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"தனியவா போனார்?"

யூலியானா விரித்த துவாயோடு அலுமாரிக்கு முன்னால் நின்றாள்.

"இல்லை," என்றாள் தங்கராணி. "நான் பக்கத்தில் இருந்தேன்."

சீப்பை மறுபடி எடுத்து, வகிடு பிரித்தாள்.